நரியைப் படம் எடுக்க வேலூரிலிருந்து எங்கே போகலாம்: முதுமலையா, கோடியக்கரையா, பெஞ்சா, பாலாற்றங்கரையா?

வேலூரில் கேமரா வைத்திருக்கும் நாலு பேர் ஒன்றுகூடினால் பேச்சு எப்படியும் காட்டுக்குப் போய்விடும். ஆளுக்கொரு புலிக் கனவு, யானைக் கனவு. இந்தக் கட்டுரை அவர்களுக்கானது இல்லை. நரியைப் படம் எடுக்க வேண்டும், புதருக்குள் மறையும் வாலை இல்லை, கண்ணும் மூக்கும் தெரிய நல்ல வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிற சிலருக்காக எழுதுகிறேன். மூன்று நாள் லீவு, ஒரு டெலி லென்ஸ், அளவான காசு. காட்பாடியில் ரயில் ஏறுவதா, காரை எடுப்பதா, இல்லை உள்ளூர் ஏரிக்கரையிலேயே காத்திருப்பதா?

என் கணக்கில் நாலு வழி இருக்கிறது: முதுமலை–பந்திப்பூர், கோடியக்கரை, மத்தியப் பிரதேசத்துப் பெஞ்ச் புலிகள் காப்பகம், அப்புறம் நம் பாலாற்றுப் பக்கம். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நரிதான் குறி என்றால் கோடியக்கரை. மற்ற மூன்றும் ஏன் பின்தங்குகின்றன, யாருக்கு அவை சரிப்படும் என்பதுதான் மீதிக் கதை.

அதற்கு முன் எந்த நரி என்று தெளிவாக்கிக்கொள்வோம். நாம் தேடுவது பொன்னிற நரி. எடை 7 முதல் 11 கிலோ இருக்கும். முதுகில் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் ரோமம், காலிலும் காதுக்குப் பின்னாலும் செம்பழுப்பு, வால் குட்டை, நுனி கறுப்பு. வங்காநரி இதைவிட மிகச் சிறியது, 2 முதல் 4 கிலோதான். காது பெரிது, வால் உடம்பில் பாதிக்கு மேல் நீளம். சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்குப் பிடித்து ஓடவிட்டு, அப்புறம் வனத்துறையிடம் அபராதம் கட்டுகிறார்களே, அது இந்த வங்காநரி. செந்நாய் வேறு: உடம்பு முழுக்கச் செம்பழுப்பு, வால் அடர்ந்த கறுப்பு. முதுமலை போய் வந்தவர்கள் நரி என்று காட்டும் படங்களில் பல செந்நாய்தான்.

சரி, முதுமலை. சஃபாரி என்றதும் நம் ஊரில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது அதுதான். நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் காட்பாடி வழியாகத்தான் போகிறது. காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஊட்டி, கூடலூர் வழியாக முதுமலையின் தெப்பக்காடு சேரலாம். காரில் போகிறவர்கள் பெங்களூரு, மைசூரு, குண்டலுப்பேட்டை வழியாகப் பந்திப்பூருக்குள் நுழைகிறார்கள். 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அந்தக் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போவதென்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். சிக்கல் காட்டுக்குள் இருக்கிறது.

1940-இல் சரணாலயமாகி 2007-இல் புலிகள் காப்பகமான காடு அது. அங்கே நரி இல்லாமல் இல்லை. ஆனால் நரி திறந்த வெளியில் பிழைக்கிற விலங்கு. வயல் ஓரம், புல்வெளி, ஆற்று மணல், புதரும் வெட்டவெளியும் சந்திக்கிற விளிம்பு, இங்கேதான் அதற்குச் சோறு. எலி, முயல், தரையில் கூடு கட்டும் பறவை, இலந்தைப் பழம், செத்த மாடு என்று கிடைத்ததைத் தின்னும். முதுமலையிலும் பந்திப்பூரிலும் பல இடங்களில் உண்ணிச்செடி (லான்டானா) ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. யானையே நாலடி உள்ளே தள்ளி நின்றால் கண்ணுக்குத் தட்டுப்படாது. முழங்கால் உயர நரி எந்த மூலைக்கு? அது பாதையைக் கடக்கிற இரண்டு மூன்று வினாடிதான் உங்களுக்குக் கிடைக்கும்.

அந்த வினாடிகளையும் வேன் தின்றுவிடும். வனத்துறை வேனில் குடும்பம் குடும்பமாக ஏறுவார்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் பாதிக் காடுதான் உங்களுடையது. நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன என்று பழமொழி சொன்னவர் சஃபாரி வேனில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார். வலம் போனால் படம், இடம் போனால் பக்கத்து சீட்டுக்காரரின் பின்னந்தலை. "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க, நரி" என்று கேட்டால், "நரிங்களா சார்? முன்னாடி வண்டிக்காரன் புலி காலடி பார்த்தானாம், அதைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்பார் ஓட்டுநர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டியில் மற்ற எல்லோரும் காசு கட்டியிருப்பது புலிக்காக.

பந்திப்பூரில் ஜீப் எடுத்தால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஆட்கள் குறைவு, இரண்டு பக்கமும் பார்வை கிடைக்கும். கர்நாடகத்தில் லென்ஸின் நீளத்தைப் பார்த்து கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், முன்பதிவு செய்யும்போதே விசாரித்துவிடுங்கள். புலி ஊருக்குள் வந்து பிரச்சினை ஆனால் சஃபாரியையே நிறுத்தி வைப்பதும் உண்டு. ஆனால் ஜீப்பிலும் உண்ணிச்செடி உண்ணிச்செடிதான். நாய்க் குடும்பத்தில் அந்தக் காட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது செந்நாய், வனவிலங்கு ஆய்வாளர் ஏ. ஜே. டி. ஜான்சிங் 1970-களில் செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தது பந்திப்பூரில்தான். நரிக்குப் போய்ச் செந்நாயோடு திரும்பினாலும் மனசு ஆறிவிடும் என்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

கோடியக்கரைக்கு வருவோம். வேலூரிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர்; திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். திருத்துறைப்பூண்டி–அகத்தியம்பள்ளி ரயில் பாதை 2023-இல் திரும்பவும் திறந்தது என்பது உண்மைதான். ஆனால் கேமரா மூட்டையோடு வண்டி மாறி வண்டி ஏறுவதைவிட மூன்று பேர் சேர்ந்து காரில் போவது மேல். விடியற்காலை புல்வெளிக்குப் போகவும் சொந்த வண்டி கையில் இருப்பது வசதி.

வெளிமானுக்காக 1967-இல் சரணாலயமாக்கிய இடம். கடலோரத்தில் தட்டையான புல்வெளி, அதை ஒட்டி வறண்ட பசுமைமாறாக் காடு, அதற்கப்பால் சேற்று நிலமும் உப்பளமும். புல்வெளியில் வெளிமான் கூட்டம், புள்ளிமான், யாருடையதும் இல்லாமல் திரியும் மட்டக்குதிரைகள். புலி கிடையாது, சிறுத்தை கிடையாது. அங்கே பெரிய வேட்டை விலங்கு நரிதான், வெளிமான் குட்டிக்கு அதுதான் எமன். இதனால் இரண்டு நன்மை. ஒன்று, உங்களை அழைத்துப் போகிறவர் வேறெதற்காகவும் நரியை விட்டுவிட்டு ஓட மாட்டார். இரண்டாவது, நரி எங்கே இருக்கிறது என்று மான்களே காட்டிக்கொடுத்துவிடும். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் முழுக்க ஒரே திசையில் தலை தூக்கினால் லென்ஸை அங்கே திருப்பி வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

திறந்த வெளியில் நரியைப் பார்த்தால் அதன் நடை புரியும். நேராக நடக்காது. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் வளைந்து போகும், நடுவில் சட்டென்று நிற்கும். எலி வளை ஏதாவது அகப்பட்டால் ஒரு முன்னங்கால் மடங்கும், தலை லேசாகச் சாயும், காது இரண்டும் முன்னால் குவியும். அடுத்து நாலு காலும் தரையை விட்டு எழும்பி ஒரு தாவு. காது குவிந்த உடனேயே ஷட்டரை அழுத்த ஆரம்பித்துவிட வேண்டும். தாவுவதைப் பார்த்த பிறகு அழுத்தினால் பின்பக்கமும் புழுதியும்தான் மிஞ்சும். வண்டிக்குப் பயந்து ஓட்டம் எடுத்தாலும் கொஞ்ச தூரம் போனதும் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அதற்கு உண்டு. அந்தப் பார்வைதான் படம். "அவ்வளவுதான், போயிடுச்சு" என்று கேமராவை மடியில் இறக்குகிறவர்கள் தவறவிடுவது அதைத்தான். முதுமலையிலும் நரி திரும்பிப் பார்க்கத்தான் செய்யும், ஆனால் புதருக்குள் நின்றல்லவா பார்க்கும்.

வெளிச்சமும் இங்கே சாதகம். மரம் மறைக்காததால் காலைச் சூரியன் கிடைமட்டமாக வந்து நரியின் பக்கவாட்டில் விழும். சாம்பல் என்று நினைத்த ரோமத்தில் பழுப்பும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரிவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து கானல் கிளம்பும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் தூரத்து நரி தண்ணீருக்குள் நடப்பதுபோல் நெளியும். அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. ஆக, வேலை நேரம் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை, பிறகு சாயங்காலம். நடுவில் தூங்குங்கள்.

குறைகள் இல்லையா என்றால் இருக்கின்றன. புலிக்காடுகளில் உள்ளதுபோல் ஆன்லைனில் சீட்டு எடுத்து வரிசையாக ஏறும் ஏற்பாட்டை இங்கே எதிர்பார்க்காதீர்கள். வனச்சரக அலுவலகத்தில் போய், கட்டணம் கட்டி, எந்தப் பாதையில் போகலாம், கூட யார் வருவார் என்று கேட்டு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயலும் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது வேதாரண்யம் பக்கம்தான், சரணாலயத்தில் மரங்கள் சாய்ந்தன, மான்கள் செத்தன. சீமைக்கருவேலம் புல்வெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருப்பது வேறு. அப்புறம் உப்புக்காற்று. சாயங்காலம் அறைக்கு வந்ததும் லென்ஸையும் கேமராவையும் ஈரத்துணியால் துடைக்காமல் படுக்கக் கூடாது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வேதாரண்யத்தை நம்புவது நல்லது.

பெஞ்ச் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது மூன்று நாள் லீவில் அடங்காது. கேரளா எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நின்று நாக்பூர் வழியாக டெல்லி போகிற வண்டி. ஏறக்குறைய ஒரு நாள் ரயிலில் கழியும், நாக்பூரிலிருந்து துரியா நுழைவாயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரச் சாலைப் பயணம். திறந்த ஜிப்சி ஜீப், ஆறு பேருக்கு மேல் கிடையாது, தேக்குக் காடு நம் தெற்கத்திக் காடுகளைவிட வெளிச்சமானது, நரி ஜோடியாகப் பாதையிலேயே நடந்து வரும். கோடையில் நீர்நிலை ஓரம் நின்றால் போதும். நாள் கூடுதலாக இருந்தால் அதே மாநிலத்துக் கானா காப்பகத்தின் பெரிய புல்வெளிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை உட்காடு மூடியிருக்கும். செலவைப் பார்த்தால் ரயில் கட்டணம் ஒன்றும் பெரிதில்லை, ஒவ்வொரு சவாரிக்கும் நுழைவுச் சீட்டு, ஜிப்சி வாடகை, வழிகாட்டி என்று தனித்தனியாகக் கட்டும்போதுதான் பை இளைக்கும். அங்கேயும் புலி என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், உங்கள் ஜிப்சி நரியை விட்டுப் பறக்கும். ஆறு இடத்தையும் உங்கள் ஆட்களே எடுத்துக்கொண்டு, ஏறும்போதே "பையா, எங்களுக்கு நரி போதும்" என்று சொல்லிவிட்டால் ஓட்டுநர் முதலில் நம்ப மாட்டார், அப்புறம் சந்தோஷமாக நிறுத்துவார். ஒரு வாரமும் அதற்கான பணமும் உள்ளவர்கள், புலியும் வேண்டும் நரியும் வேண்டும் என்பவர்கள், முதுமலையை விட்டுவிட்டு நேராக இங்கே போகலாம்.

இனி நம் ஊர். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த இந்தப் பழைய வேலூர் மாவட்டத்தில் நரி இல்லாத வட்டாரம் என்று ஒன்றைச் சொல்வது கஷ்டம். காவேரிப்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள வயல்கள், பாலாற்று நாணல், திருவலம் பக்கத்துக் கரும்புத் தோட்டம், ஜவ்வாது மலை அடிவாரம், எங்கே கேட்டாலும் "ராத்திரி ஊளை கேட்குதுப்பா" என்பார்கள். செலவு பெட்ரோல்தான். காலையில் போய்விட்டு பத்து மணிக்கு ஆபீஸ் வந்துவிடலாம். நல்லது நடந்தால் நரி முகத்தில் விழித்ததாகச் சொல்கிற ஊர் இது, வாரத்தில் இரண்டு நாள் அப்படி விழிக்க முயற்சி செய்வதில் தப்பில்லை.

ஆனால் கேட்பது வேறு, படம் எடுப்பது வேறு. ஊர்ப்பக்கத்து நரி மனிதனிடம் அடிபட்டு வளர்ந்தது. கரும்பையும் முலாம்பழத்தையும் கடித்துவைக்கிறது என்று விரட்டப்படுகிற பிராணி. விடிவதற்கு முன்பே அது புதருக்குள் போயிருக்கும், வெளிச்சம் வந்த பிறகு தெரிவது அநேகமாக நாய். "கரும்பு வெட்டும்போது வா தம்பி, கடைசி நாலு வரிசை நிக்கும்போது தானா வெளியில வரும்" என்று விவசாயிகள் சொல்வது உண்மை. காட்டுப்பூனை, கீரி, நரி எல்லாம் ஒடுங்கி ஒடுங்கிக் கடைசி வரிசைக்குள் நின்று, பிறகு தெறித்து ஓடும். அந்த ஓட்டத்தை எடுத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். காதை ஒட்ட மடக்கி, வாலைக் கவட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிற விலங்கு. எனக்கு அந்தப் படங்கள் பிடிக்காது, யாருக்கும் சிபாரிசு செய்யவும் மாட்டேன்.

இன்னொன்று, பாதுகாப்பு. காட்டுப்பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக வேலியில் மின்சாரம் விடுகிறார்கள். இருட்டில் வரப்பில் நடந்து போய் உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டில் பலர். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திராவின் கவுண்டன்யா சரணாலயத்திலிருந்து யானைகள் இறங்குகின்றன, அங்கே விடியுமுன் நடப்பது யானைக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு. எனவே வெளிச்சம் வந்த பிறகு, தெரிந்தவர் நிலத்தில், அவரிடம் சொல்லிவிட்டு, கரையில் உட்கார்ந்து எடுங்கள். நரி எடுக்கப் போய் மடையான், கவுதாரி, அரசவால் ஈப்பிடிப்பான் என்று வேறு ஏதாவது தேறும்.

ஊர்ப்பக்கத்துப் படம் கிடைத்துவிட்டால் எந்த ஏரி, எந்தத் தோட்டம் என்று இணையத்தில் போடாதீர்கள்; போனில் எடுத்ததாக இருந்தால் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். நரிக்கொம்பு, நரிப்பல் என்று விற்கிற வியாபாரம் இன்னும் முழுசாக ஒழியவில்லை. இறைச்சிக்குள் அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடியை வைத்து நரியின் வாயைப் பிளக்கிறவர்களும் இருக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் வரும் குற்றம் அது. சரணாலயத்து நரிக்குக் காவல் இருக்கிறது, காவேரிப்பாக்கத்து நரிக்குக் காவல் என்று யாருமில்லை.

லென்ஸ் விஷயத்தில் நாலு இடத்துக்கும் ஒரே பதில் இல்லை. ஜிப்சியில் 100-400 மி.மீ. லென்ஸ் போதும், பெஞ்சில் நரி சில சமயம் அதற்குள்ளேயே அடங்காமல் கிட்டே வந்துவிடும். கோடியக்கரையில் 150-600 இருந்தால் நிம்மதி. 70-300 மட்டும் வைத்திருப்பவர்கள் நரியைச் சிறிதாகவும் புல்வெளியையும் மான்களையும் பெரிதாகவும் வைத்து எடுக்கலாம், அது ஒன்றும் மட்டமான படம் இல்லை. சென்னையிலும் பெங்களூருவிலும் பெரிய லென்ஸ் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது, ஒரே ஒரு பயணத்துக்காக வாங்க வேண்டாம். வண்டிக்குள் முக்காலி எதற்கும் உதவாது. கொள்ளு நிரப்பித் தைத்த துணிப்பை ஒன்றைக் கதவு விளிம்பில் போட்டு, எஞ்சினை அணைக்கச் சொல்லி, லென்ஸை அதன் மேல் அழுத்தி வையுங்கள். நடக்கிற நரிக்கு ஆயிரத்தில் ஒரு வினாடி ஷட்டர், தாவுகிற நரிக்கு இரண்டாயிரத்தில் ஒன்று. கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

குடும்பத்தோடு போகிறீர்கள், பிள்ளைகள் யானை பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றால் முதுமலைக்கே போங்கள். நரி கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசில்லை, பொறுமை இருக்கிறது என்றால் உள்ளூர் ஏரிக்கரை. மற்றபடி பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரு வாரநாள் பார்த்து, வியாழன் விடியுமுன் வேலூரை விட்டுக் கிளம்பினால் மதியம் வேதாரண்யத்தில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலமே புல்வெளியை ஒரு பார்வை பார்த்துவிடலாம். மழைநீர் வற்றி, வெயில் முழுசாக ஏறாத காலம் அது. வெள்ளி காலையும் மாலையும் நரிக்கு. இரண்டிலும் கிடைக்கவில்லை என்றால் சனி காலை ஒரு தரம் போய்விட்டு, திரும்பும் வழியில் உப்பளப் பக்கம் வண்டியை ஓரம் கட்டுங்கள். பூநாரைகள் அதற்குள் கிளம்பாமல் இருந்தால் அங்கே ஒரு மணி நேரம் போகும், இரவுச் சாப்பாட்டுக்கு வேலூர் வந்துவிடலாம்.